அட்லின் சட்டமன்றத் தொகுதியின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மேற்குக் கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சட்டமன்றத்தில் 1903 முதல் 1991 வரை ‘அட்லின்’ என்ற பெயரில் ஒரு தொகுதி இருந்தது. மலையும் ஏரியும் பனியும் நிறைந்த, ஆள் அரிதான இந்தத் தொகுதியின் மக்கள்தொகை அதன் கடைசிக் காலத்தில் ஆறாயிரத்தைக்கூட எட்டவில்லை. இருந்தும் கனடாவின் பூர்வகுடி உரிமை வரலாற்றிலும் தேர்தல் சட்ட வரலாற்றிலும் அட்லினைத் தாண்டிச் செல்ல முடியாது. இத்தொகுதியைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன.

அட்லின் தொகுதி எங்கே இருந்தது? அதற்குள் எந்தெந்த ஊர்கள் அடங்கின?

பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடமேற்கு மூலையில், வடக்கே யூகான் பிரதேசமும் மேற்கே அமெரிக்காவின் அலாஸ்காவும் எல்லையாக இருக்கும் பகுதியே அட்லின் தொகுதி. தொகுதிக்குப் பெயர் தந்த அட்லின் என்னும் சிற்றூர் அதே பெயருடைய ஏரியின் கரையில் உள்ளது. மாகாணத்தின் இயற்கையான ஏரிகளுள் பெரியது அதுவே. டிலிங்கிட் மக்களின் மொழியில் அப்பெயருக்கே ‘பெரிய ஏரி’ என்றுதான் பொருள்.

எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறினாலும், பிற்காலத்தில் தொகுதிக்குள் இருந்த மக்களைக் கீழ்க்கண்டவாறு அடையாளம் காணலாம். வடக்கே அட்லினைச் சுற்றி டிலிங்கிட் மக்கள் வாழ்ந்தனர். டீஸ் லேக், டெலிகிராஃப் கிரீக் ஆகிய ஊர்களைச் சுற்றி டால்டன் மக்கள் இருந்தனர். 1950களில் எழுந்த காசியார் என்னும் கல்நார்ச் சுரங்க ஊரில் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த தொழிலாளர்கள் குடியிருந்தனர். அலாஸ்கா எல்லையை ஒட்டிய ஸ்டூவர்ட் துறைமுக ஊரும், தெற்கே நாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிஸ்கா மக்களின் கிராமங்களும் இத்தொகுதியைச் சேர்ந்தவையே. இந்த ஊர்களுக்கிடையே நெடுங்காலம் பொதுவாக இருந்தது சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மட்டுமே என்று சொன்னால் அது மிகையாகாது. சாலைகூடப் பொதுவாக இல்லை.

இவ்வளவு ஒதுங்கிய பகுதிக்குத் தனித் தொகுதி எப்படிக் கிடைத்தது?

தங்கம்தான் காரணம். 1898இல் யூகானின் குளோண்டைக் தங்க வேட்டை உச்சத்தில் இருந்தபோது, ஃபிரிட்ஸ் மில்லர், கென்னத் மெக்லாரன் என்ற இருவர் அட்லின் ஏரிக்கருகில் பைன் கிரீக் ஓடையில் தங்கம் கண்டனர். குளோண்டைக்குக்குப் புறப்பட்டவர்கள் பலர் பாதி வழியிலேயே திரும்பி இங்கே வந்து குவிந்தனர். அந்த இடம் யூகானுக்குள் அடங்குமா, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் அடங்குமா என்பதே முதலில் குழப்பமாக இருந்தது. மாகாணத்துக்குள்தான் என்று தெளிவானதும், 1899இல் பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றம் அயல்நாட்டவர் அங்கே தங்கச் சுரங்க உரிமை பெறக்கூடாது என்று சட்டம் இயற்றியது. அமெரிக்கர்களைக் குறிவைத்த அந்தச் சட்டம் பெரும் சச்சரவை உண்டாக்கியது.

அதுவரை அப்பகுதி முழுவதும் காசியார் என்ற பழைய தொகுதிக்குள் அடங்கியிருந்தது. வரி செலுத்தும், வழக்காடும், கூச்சலிடும் ஆயிரக்கணக்கான ஆண்கள் திடீரென்று வந்து சேர்ந்ததால், 1903 தேர்தலுக்குள் அட்லின் தனித் தொகுதியாகப் பிரிக்கப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேட்பாளர்கள் கட்சி அடிப்படையில் போட்டியிட்ட முதல் தேர்தலும் அதுதான். தங்கம் குறைந்து கூட்டம் கலைந்த பிறகும் தொகுதி மட்டும் அப்படியே நின்றது. பிற்காலச் சிக்கலின் விதை இதிலேயே இருக்கிறது.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதிக்கும் தலைநகருக்கும் எப்படிப் போய்வந்தார்?

தலைநகரான விக்டோரியா மாகாணத்தின் தென்கோடியில், வான்கூவர் தீவில் உள்ளது. தொடக்க காலத்தில் விக்டோரியாவிலிருந்து அட்லினுக்குச் செல்ல விரும்பும் ஒருவர் முதலில் கடல்வழியாக அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்துக்குப் போகவேண்டும். அங்கிருந்து வைட் பாஸ் ரயிலில் ஏறி யூகானின் கார்க்ராஸ் ஊரில் இறங்க வேண்டும். பிறகு நீராவிப் படகில் டாகிஷ் ஏரியைக் கடந்து டாக்கு என்ற இறங்குதுறையை அடைய வேண்டும். டாகிஷ் ஏரிக்கும் அட்லின் ஏரிக்கும் இடையே உள்ள நிலத்துண்டைக் கடக்க ‘டாக்கு டிராம்’ என்றழைக்கப்பட்ட குட்டி ரயில் ஓடியது. அதன் நீளம் நான்கு கிலோமீட்டரைக்கூட எட்டாது. ‘டச்சஸ்’ என்ற அதன் இஞ்சினைத் திருப்புவதற்கு வசதி இல்லாததால், ஒரு திசையில் முன்னோக்கியும் மறு திசையில் பின்னோக்கியுமே அது ஓடியது. டிராமிலிருந்து இறங்கியபின் மீண்டும் ஒரு படகில் ஏறினால் ஒருவழியாக அட்லின் வந்துசேரும்.

தன் சொந்த மாகாணத்தின் ஒரு தொகுதியை அடைய ஒரு வெளிநாட்டையும் ஒரு வேற்றுப் பிரதேசத்தையும் கடக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அட்லினுக்குச் சாலை வந்தது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1950ஐ ஒட்டித்தான். அதுவும் தெற்கிலிருந்து வரவில்லை, வடக்கே யூகானிலிருந்து வந்தது. இன்றும் அட்லினுக்குச் செல்லும் ஒரே சாலை அதுவே. ஏரியில் ஓடிய ‘டாராஹ்னே’ என்ற படகு கரையேற்றப்பட்டு ஊரின் ஏரிக்கரையில் நிற்பதை அங்கு செல்பவர்கள் இன்றும் காணலாம்.

தொடக்க கால உறுப்பினர்களில் குறிப்பிடத்தக்கவர் யார்?

ஹென்றி எஸ்ஸன் யங். அட்லினில் மருத்துவராக இருந்த இவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பில் 1903இல் வென்று, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 1907 முதல் மாகாணத்தின் கல்வி அமைச்சராகவும் இருந்தார். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வழிவகுத்த 1908ஆம் ஆண்டுச் சட்டம் அவர் காலத்தில் வந்ததே. அப்பல்கலைக்கழகத்தின் தந்தை என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். பின்னாளில் மாகாண சுகாதார அதிகாரியாக நீண்ட காலம் பணியாற்றினார்.

ஒதுங்கிய சுரங்கத் தொகுதி ஒன்று பல்கலைக்கழகத்தின் தந்தையை அனுப்பிவைத்தது வியப்பாகத் தோன்றலாம். அக்காலத்தில் இது அரிதல்ல. வாக்காளர் குறைந்த, சுரங்க முதலீட்டை நம்பிய தொகுதிகள் ஆளுங்கட்சியின் செல்வாக்கு மிக்கவரையே தேர்ந்தெடுக்க விரும்பின. 1930களில் லிபரல் கட்சியின் டஃப் பட்டுல்லோ முதல்வராக இருந்தபோதும் அட்லினின் உறுப்பினர் வில்லியம் அசெல்ஸ்டைன் சுரங்க அமைச்சரானார்.

அந்தக் காலத்தில் தொகுதியின் பூர்வகுடி மக்களுக்கு வாக்குரிமை இருந்ததா?

இல்லை. 1903இல் தொகுதி உருவானபோது நிலப்பரப்பின் பெரும்பகுதியில் வாழ்ந்தவர்கள் டிலிங்கிட், டால்டன், நிஸ்கா முதலிய பூர்வகுடியினரே; ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்கள் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவுடன் இணைந்த மறு ஆண்டே, 1872இல், பூர்வகுடியினரையும் சீனர்களையும் வாக்களிப்பதிலிருந்து விலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் ஜப்பானியர் விலக்கப்பட்டனர். 1907இல் இந்தியாவிலிருந்து குடியேறியவர்களும் விலக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் சீக்கியர் என்றபோதிலும் சட்டம் எல்லோரையும் சேர்த்து ‘இந்துக்கள்’ என்றே எழுதிவைத்தது. இந்திய வம்சாவளியினருக்கும் சீனருக்கும் 1947இலும், ஜப்பானியருக்கும் பூர்வகுடியினருக்கும் 1949இலும் மாகாண வாக்குரிமை திரும்பக் கிடைத்தது. பதிவு பெற்ற பூர்வகுடியினர் எவ்வித நிபந்தனையுமின்றிக் கனடிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, அட்லின் தொகுதியின் முதல் 46 ஆண்டு வரலாறு என்பது, அந்த மண்ணுக்குப் பின்னால் வந்தவர்கள் மட்டும் வாக்களித்த வரலாறு. உறுப்பினர் பட்டியலைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிராங்க் கால்டர் யார்? அவர் வெற்றி ஏன் முக்கியமானது?

பிராங்க் கால்டர் 1915இல் நாஸ் ஆற்று முகத்துவாரப் பகுதியில் பிறந்த நிஸ்கா இனத்தவர். நிஸ்கா தலைவர்களுள் ஒருவரான ஆர்தர் கால்டர் அவரைத் தத்தெடுத்து வளர்த்தார். நிலச் சிக்கலை அசையாத மலைக்கு ஒப்பிட்டுப் பெரியவர்கள் சோர்ந்து பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில், வளர்ப்புத் தந்தை அந்தச் சிறுவனைத் தூக்கி மேசைமேல் நிறுத்தி, இவன் வெள்ளையரின் சட்டங்களைக் கற்றுவந்து அந்த மலையை அசைப்பான் என்று அறிவித்ததாக நிஸ்கா மக்களிடையே ஒரு வரலாறு வழங்கிவருகிறது. கால்டர் உறைவிடப் பள்ளியில் படித்து, பின்னர் வான்கூவரில் ஆங்கிலிகன் இறையியல் கல்லூரியில் 1946இல் பட்டம் பெற்றார்.

பூர்வகுடியினருக்கு வாக்குரிமை கிடைத்த அதே 1949ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேர்தலில், சி.சி.எஃப். எனப்பட்ட இடதுசாரிக் கட்சியின் வேட்பாளராக அட்லினில் நின்று வென்றார். லிபரல்களும் கன்சர்வேட்டிவ்களும் கூட்டணி அமைத்து 48 இடங்களில் 39ஐ அள்ளிச்சென்ற தேர்தல் அது, சி.சி.எஃப்.க்குக் கிடைத்தவை ஏழே இடங்கள். அந்த ஏழில் ஒன்று அட்லின். பதிவு பெற்ற பூர்வகுடியினர் ஒருவர் கனடாவின் ஒரு சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. 1887இல் நிஸ்கா, சிம்ஷியன் தலைவர்கள் நிலவுரிமை கேட்டு விக்டோரியாவுக்குப் படகேறிச் சென்றபோது, அப்போதைய முதல்வர் வில்லியம் ஸ்மைத் அவர்களின் கோரிக்கையை ஏற்க மறுத்து அனுப்பியிருந்தார். 62 ஆண்டுகள் கழித்து அதே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர் மன்றத்துக்குள்ளேயே உட்கார்ந்தார்.

1956இல் சோஷியல் கிரெடிட் கட்சியிடம் ஒருமுறை தோற்றது தவிர, 1979 வரை கால்டர்தான் அட்லின். 1955இல் நிஸ்கா பழங்குடிப் பேரவையை அமைத்து, இரு பத்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அதன் தலைவராகவும் இருந்தார். 1972இல் டேவ் பாரெட் தலைமையில், சி.சி.எஃப்.இன் வாரிசான புதிய ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தபோது, துறை இல்லாத அமைச்சராகப் பதவியேற்றார். அவ்வாறு அமைச்சரான முதல் பூர்வகுடியினரும் அவரே. மறு ஆண்டே பாரெட் அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். 1975இல் சோஷியல் கிரெடிட் கட்சிக்கு மாறி நின்றும் அட்லினில் வென்றார். வாக்காளர்கள் கட்சியைவிட ஆளைப் பார்த்தே வாக்களித்தனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

‘கால்டர் வழக்கு’ என்பது இவரைக் குறிப்பதா?

ஆம். 1967இல் நிஸ்கா பழங்குடிப் பேரவை, தங்கள் மூதாதையர் நிலத்தின்மீதான உரிமை ஒருபோதும் சட்டப்படி நீக்கப்படவில்லை என்று அறிவிக்கக் கோரி, மாகாணத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞரை எதிர்மனுதாரராக்கி வழக்குத் தொடுத்தது. பேரவையின் தலைவர் என்ற முறையில் கால்டரின் பெயர் வழக்கின் தலைப்பில் நிலைத்துவிட்டது. நிஸ்கா தரப்பில் வாதாடியவர் தாமஸ் பெர்கர். விசாரணை நீதிமன்றத்திலும் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்று, வழக்கு கனடா உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

1973 ஜனவரி 31 அன்று வந்த தீர்ப்பு விசித்திரமானது. ஏழு நீதிபதிகளுள் ஆறு பேர், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே நிலத்தில் இருந்ததிலிருந்து பிறக்கும் பூர்வகுடி நிலவுரிமை என்று ஒன்று சட்டத்தில் உண்டு என ஒப்புக்கொண்டனர். அந்த உரிமை பின்னர் நீக்கப்பட்டுவிட்டது என்று மூவரும், இன்னும் நிலைத்திருக்கிறது என்று மூவரும் கருதினர். ஏழாவது நீதிபதியோ, அரசின்மீது வழக்குத் தொடரத் தேவையான முன் அனுமதி பெறப்படவில்லை என்ற நடைமுறைக் காரணத்தால் வழக்கைத் தள்ளினார். கணக்குப்படி நிஸ்கா மக்கள் தோற்றனர். ஆனால் அதே ஆண்டு பியர் ட்ரூடோவின் மத்திய அரசு நிலக் கோரிக்கைகளைப் பேச்சுவார்த்தை மூலம் தீர்க்கும் கொள்கையை அறிவிக்க வேண்டியதாயிற்று.

தீர்ப்பு வந்த நாளில், எதிர்த்தரப்பான அதே மாகாண அரசின் அமைச்சரவையில் வழக்காடியவரும் ஓர் அமைச்சராக உட்கார்ந்திருந்தார். சட்டமன்ற வரலாற்றில் இப்படியொரு நிலை எளிதில் அமையாது. நிஸ்கா உடன்படிக்கை 2000 மே 11 அன்று நடைமுறைக்கு வந்து, சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் நிலமும் தன்னாட்சியும் அம்மக்களுக்கு உறுதியானது. 2006இல் மறைந்த கால்டர் அதைக் கண்ணால் கண்டார்.

ஒரே ஒரு வாக்கில் முடிவான தேர்தல் எது?

1979 மே மாதத் தேர்தல். புதிய ஜனநாயகக் கட்சியின் அல் பசரெல், சோஷியல் கிரெடிட் வேட்பாளராக நின்ற கால்டரை ஒரே வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். கால்டரும் அவர் மனைவியும் அந்தத் தேர்தலில் வாக்களிக்கவில்லை என்ற செய்தி அப்போதே பரவலாகப் பேசப்பட்டது. இருவரும் வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்ற கணக்கை விளக்க வேண்டியதில்லை. முப்பது ஆண்டுப் பொதுவாழ்வு அத்துடன் முடிந்தது.

பசரெல் 1983இலும் வென்றார். 1985இல் சோஷியல் கிரெடிட் கட்சிக்குத் தாவினார். 1986 கோடையில் டீஸ் லேக்கில் நேர்ந்த சிறு விமான விபத்தில் உயிரிழந்தார். சாலை இல்லாத ஊர்களுக்கு மிதவை விமானங்களில் பறப்பது அத்தொகுதி உறுப்பினரின் அன்றாட வேலை. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த பொதுத்தேர்தலில் நிஸ்கா இனத்து வழக்கறிஞரான லாரி குனோ புதிய ஜனநாயகக் கட்சிக்காக வென்றார். அட்லினின் கடைசி உறுப்பினர் அவர்தான்.

தொகுதி ஏன் கலைக்கப்பட்டது?

எண்ணிக்கை காரணமாக. 1986 தேர்தல் நடந்த எல்லைகளின்படி அட்லினின் மக்கள்தொகை 5,511. வான்கூவருக்கு அருகிலுள்ள சரே-நியூட்டன் தொகுதியின் மக்கள்தொகை 68,347. இரண்டும் தலா ஓர் உறுப்பினரையே அனுப்பின. அட்லினில் ஒருவருடைய வாக்கு, சரே-நியூட்டனில் உள்ளவருடைய வாக்கைவிடப் பன்னிரண்டு மடங்கு எடை கொண்டிருந்தது என்பதே இதன் பொருள். 69 இடங்களின் சராசரியோடு ஒப்பிட்டால் அட்லின் 86.8 விழுக்காடு குறைவாகவும், சரே-நியூட்டன் 63.2 விழுக்காடு அதிகமாகவும் இருந்தன.

1982இல் கனடாவின் உரிமைகள் பட்டயம் நடைமுறைக்கு வந்து, ஒவ்வொரு குடிமகனுக்கும் வாக்குரிமையை அரசியலமைப்பு வழியாக உறுதிசெய்திருந்தது. மக்கள்தொகையில் இவ்வளவு கடுமையான ஏற்றத்தாழ்வை உண்டாக்கும் தொகுதி எல்லைகள் அந்த உரிமையை மீறுகின்றன என்று ஜான் டிக்சன் என்பவரின் பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. அப்போது மாகாண உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பெவர்லி மெக்லாக்லின், 1989 ஏப்ரலில் அளித்த தீர்ப்பில் எல்லைகள் பட்டயத்தை மீறுகின்றன என்று கூறினார். சமம் என்றால் அச்சுப்பிசகாத சமம் அல்ல என்றும், நிலவியல் போன்ற காரணங்களுக்காக விலகல்களை அனுமதிக்கலாம் என்றும், அவ்விலகல் நல்லாட்சியின் பொருட்டு நியாயப்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும் என்றும் விளக்கினார். எல்லைகளைத் திருத்தச் சட்டமன்றத்துக்கு அவகாசமும் தந்தார். நீதிபதி தாமஸ் ஃபிஷர் தலைமையிலான ஆணையம் அதற்கு முன்பே, 1988 டிசம்பரில், 75 ஒற்றை உறுப்பினர் தொகுதிகளைப் பரிந்துரைத்திருந்தது. அவை 1991 தேர்தலில் நடைமுறைக்கு வந்தன. அட்லின் என்ற தொகுதி வரைபடத்திலிருந்து மறைந்தது.

அதே 1991இல் சஸ்காச்சுவான் மாகாணத் தொகுதிகள் குறித்துக் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதற்குள் அந்நீதிமன்றத்துக்கு உயர்ந்திருந்த மெக்லாக்லினே பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். வாக்குகளின் எண்ணிக்கைச் சமத்துவத்தைவிடப் ‘பயனுள்ள பிரதிநிதித்துவம்’ என்பதே அடிப்படை என்று அதில் வரையறுத்தார். அத்தீர்ப்பு அம்மாகாணத்தின் எல்லைகளை ஏற்றது. கிராமத் தொகுதிகளுக்கு ஆதரவாக இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அது. அவற்றுக்கு எதிராகக் காட்டப்படுவது அட்லின் எண்கள்.

அட்லினைக் கலைத்தது நியாயம்தானா?

பன்னிரண்டு மடங்கு வேறுபாட்டை எந்த வாதத்தாலும் காப்பாற்ற முடியாது என்பதே இப்பக்கத்தை எழுதுபவரின் கருத்து. நிலப்பரப்பு பெரிது என்பது உறுப்பினருக்கு விமானச் செலவும் கூடுதல் அலுவலகமும் தருவதற்குக் காரணமாகலாம். மற்றவர்களின் வாக்கைப் பன்னிரண்டில் ஒன்றாகச் சுருக்குவதற்குக் காரணமாகாது.

எனினும் மறுபக்கம் ஒன்று உண்டு. 1949இல் மாகாணத்தின் எல்லாத் தொகுதிகளும் சம மக்கள்தொகையோடு வரையப்பட்டிருந்தால், நாஸ் பள்ளத்தாக்கு தெற்கே உள்ள பெரிய ஊர்களோடு சேர்க்கப்பட்டு, நிஸ்கா வாக்குகள் கூட்டத்தில் கரைந்திருக்கும். புதிதாக வாக்குரிமை பெற்ற பூர்வகுடியினரின் வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்குத் தொகுதி சிறியதாக இருந்ததாலேயே கால்டரின் வெற்றி கைகூடியது. சுரங்கக்காரர்களுக்காக வரையப்பட்டு, அவர்கள் போனபின்னும் சோம்பலால் விட்டுவைக்கப்பட்ட எல்லை, யாரும் திட்டமிடாத வகையில் பூர்வகுடியினருக்கு உதவிற்று. இதைக் காட்டி அத்தகைய எல்லைகளை நியாயப்படுத்துவோர் உண்டு. ஆனால் விபத்தாக விளைந்த நன்மையை விதியாக்க முடியாது.

அப்பகுதி இன்று எந்தத் தொகுதியில் உள்ளது?

1991இல் அட்லின் ஊரும் வடக்குப் பகுதியும் பல்க்லி வேலி-ஸ்டிக்கீன் என்ற புதிய தொகுதியில் சேர்ந்தன. 2009இல் அதன் இடத்தில் ஸ்டிக்கீன் தொகுதி வந்தது. கிட்டத்தட்ட இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடன், மாகாணத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான நிலத்தைக் கொண்ட அத்தொகுதியின் மக்கள்தொகை சுமார் 20,000 மட்டுமே. அட்லினைப் போல மூன்று மடங்குக்கு மேல் பெருகியும் அது மாகாணத்தின் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட தொகுதிகளுள் ஒன்றாகவே இருந்தது. டக் டொனால்ட்சன், நேதன் கல்லன் ஆகிய புதிய ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் அதன் சார்பில் அமைச்சர்களாயினர். 2024 தேர்தலில் பல்க்லி வேலி-ஸ்டிக்கீன் என்ற பெயர் மீண்டும் வந்தது. கல்லனைத் தோற்கடித்து கன்சர்வேட்டிவ் கட்சியின் ஷரன் ஹார்ட்வெல் வென்றார்.

காசியார் ஊர் இன்று இல்லை. 1992இல் கல்நார்ச் சுரங்கம் மூடப்பட்டபின் வீடுகள் விற்கப்பட்டும் இடிக்கப்பட்டும் ஊரே கலைந்தது. அட்லின் இருக்கிறது. அங்குள்ள வாக்காளர் ஒருவர் தம் தொகுதியின் தெற்கில் உள்ள பெரிய ஊரான ஸ்மிதர்ஸுக்குக் காரில் செல்ல விரும்பினால், இன்றும் முதலில் வடக்கே யூகானுக்குள் ஏறி, பிறகு கிழக்கே திரும்பி, காசியார் நெடுஞ்சாலையில் இறங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச்செல்ல வேண்டும்.